முந்தி வந்த எதிரொலி

கணினித் திரையின் மேல் ஓரத்தில், எதுவுமே இருக்கக்கூடாத இடத்தில், ஏதோ இருந்தது.

கோடு என்றுகூட அதைச் சொல்ல முடியாது. ஈரம் ஏறிய சுவரில் புதுப் பெயின்ட்டையும் மீறிக் கசியும் கறை போல, மங்கலாக, லேசாக வளைந்து கிடந்தது. திரையில் மேலிருந்து கீழாக ஓடுவது நேரம். நிலத்தை உலுக்கும் லாரி தன் வயிற்றடி இரும்புத் தகட்டை மண்ணில் அழுத்தி உறுமும். அந்த அதிர்வு ஆழத்தில் பாறைகள்மேல் பட்டுத் திரும்பும். மண்ணில் ஆணி போலக் குத்தி வைத்த ஒலிவாங்கிகள் அதைப் பிடிக்கும். எங்கே எண்ணெய், எங்கே எரிவாயு என்று தேடுவது அந்த எதிரொலிகளில்தான். லாரி உறுமுவதற்கு முன்னால் இருப்பது வெறும் அமைதி. காற்று, எறும்பு, தூரத்து ரயில். இந்தத் தொழிலில் எல்லோரும் முதல் வேலையாக அந்த அமைதியைப் பார்க்காமலேயே வெட்டி எறிவார்கள். மேல்வெட்டு என்று பெயர். நகம் வெட்டுவது போல.

திரைமுன் உட்கார்ந்திருந்த அவனும் வெட்டத்தான் போனான். கறை கண்ணில் பட்டதால் கை ஒரு நொடி நின்றது, அவ்வளவுதான்.

'முட்டாள்கள்' என்று நினைத்துக்கொண்டான். களத்தில் வேலை செய்பவர்களைப் பற்றி அவனுக்கு வேறு சொல் தோன்றியதே இல்லை. வெயிலில் கிடந்து மூளை வற்றியவர்கள், கடிகாரத்தைச் சரியாக வைக்கத் தெரியாதவர்கள். உள்ளே, இந்தக் குளிரூட்டிய அறையில், ஜன்னலை மறைத்த கனத்த திரைக்குப் பின்னால் அவனைப் போன்ற ஒருவன் உட்கார்ந்து சுத்தம் செய்யாவிட்டால், அவர்கள் கொண்டுவருவதெல்லாம் குப்பை.

"சார், அதை வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாப் பாருங்களேன்."

பின்னால் நின்றது தரவைச் செயலாக்கித் தரும் பெண். அவளுக்குச் சல்லடை என்று பெயர் வைத்திருந்தான். நாள் முழுக்க இரைச்சலைச் சலிப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பது?

"பார்த்தாச்சும்மா. ஃபீல்டு ஆளுங்களுக்கு மணி பார்க்கத் தெரியல. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

"கடிகாரம் தப்புன்னா எல்லாமே சேர்ந்து நகரணும் சார். இது மட்டும்தான் முந்தி வந்திருக்கு. வளைவைப் பாருங்க. கீழ இருக்கற உங்க குமிழியோட எதிரொலி, அச்சு அசல்."

குமிழி. ஆழத்தில் கவிழ்த்த கிண்ணம் போல அழகாக உப்பியிருந்த பாறை. எரிவாயு சிக்கி நிற்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவன் காட்டிய இடத்தில் போட்ட கிணறுகள் எல்லாம் வரிசையாக வறண்டுபோய், கேன்டீனில் அவன் முதுகுக்குப் பின்னால் 'வறட்டுக் கிணறு வருது பாரு' என்று சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். சிரித்த வாய்களை எல்லாம் அடைக்க அவனிடம் இருந்தது இந்தக் குமிழி ஒன்றுதான்.

"அப்போ லாரி சத்தம் போடறதுக்கு முன்னாடியே பூமி பதில் சொல்லுது. அதானே சொல்ல வர்ற?"

அவள் சிரிக்கவில்லை. "பழைய சர்வேயையும் எடுத்துப் பார்த்தேன் சார். வேற ஆளுங்க, வேற மெஷினு. அதுலயும் இருக்கு. ஆனா அப்போ இமை கொட்டற நேரம்தான் முந்தியிருக்கு. இப்போ ஒரு மூச்சு விடற நேரம். குமிழியும் அப்போ இருந்ததைவிட மேல ஏறியிருக்கு."

"பாறை ஏறுதா? எதுல, லிஃப்ட்லயா?"

"இன்னொண்ணு சார்." அவள் குரல் தாழ்ந்தது. திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பக்கம் குமிழி முடியவே இல்ல. நம்ம சர்வேதான் முடிஞ்சிருச்சு. அது அப்படியே போகுது. ஊருக்கு அடியில."

அவன் நாற்காலியை மெல்லத் திருப்பினான். பக்கத்துத் தடுப்புகளில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான். "கத்தறதுக்கு முன்னாடியே எதிரொலி வரும்னு எந்தக் காலேஜ்ல சொல்லிக்கொடுத்தாங்கம்மா? சொல்லு, என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தா அங்கயே சேர்த்துடறேன்."

தடுப்புகளுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு எழுந்தது. அவள் முகம் சிவந்து, தன் இடத்துக்குப் போனாள்.

அவன் மேல்பகுதியை வெட்டினான். திரை பளிச்சென்று வெள்ளையானது. பிறகு வரைபடத்தில் குமிழியைச் சுற்றி வந்த கோட்டைச் சர்வேயின் விளிம்பில் ஒரே வளைவில் திருப்பி மூடினான். மூடாத குமிழியில் எதுவும் தங்காது என்பார்கள், மூடியாயிற்று. அதற்கு அப்பால் தரவு இல்லை. தரவு இல்லாத இடத்தில் எதுவும் இல்லை.

கூட்டத்தில் தலையாட்டி தலையை ஆட்டினார். அவனுடைய மேலாளர், பிறக்கும்போதே கழுத்தில் ஸ்பிரிங் வைத்துப் பிறந்தவர். "பிரமாதம்! துடைச்சு வெச்ச கண்ணாடி மாதிரி இருக்கே!" என்றார். மூலையில் உட்கார்ந்திருந்த சல்லடை தன் நோட்டை மூடி வைத்தாள். குமிழியின் தலையில் துளையிட ஒப்புதல் கிடைத்தது.

*

துளையிடும் தளத்தில் அவனுடைய தங்கை கணவன் வேலை செய்தான். துளையிலிருந்து மேலே வரும் சேற்றைச் சலித்து, கல்துகளைக் கழுவி, எந்த ஆழத்தில் எந்தப் பாறை, எவ்வளவு வாயு என்று குறிப்பது அவன் வேலை. பட்டம் வாங்கிவிட்டுச் சேறு அளையும் மாப்பிள்ளை. இதற்காகவா தங்கையைப் படிக்க வைத்தோம் என்று அவன் பலமுறை நொந்துகொண்டதுண்டு. மாப்பிள்ளை தளத்தில் இருக்கும் வாரங்களில் தங்கை அண்ணன் வீட்டில் வந்து தங்குவாள். இருட்டத் தொடங்கும் நேரத்தில் சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜாடிமேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து கணவனின் அழைப்புக்குக் காத்திருப்பாள்.

"மச்சான்! உங்க குமிழிக்கு மேல ஜம்முன்னு உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்கேன்."

"கொட்டிடாதீங்க மாப்ள. டீயையும் சலிச்சுப் பார்க்கப் போறீங்க."

"இங்க ஒரு வேடிக்கை கேளுங்க. பைப்பை எடுத்து ரேக்குல போடறாங்கல்ல, டங்குன்னு சத்தம் கேக்குது. திரும்பிப் பார்த்தா பைப் இன்னும் கயிறுல தொங்கிட்டிருக்கு. அப்புறமாத்தான் விழுது. அது விழறப்போ சத்தமே வரல! ஏற்கெனவே வந்துட்டுப் போயிடுச்சு போல."

தங்கை சிரித்தாள். "ஒழுங்காத் தூங்குங்க. எல்லாம் சரியாயிடும்."

"தூங்கறதா? நாங்க ஒரு விளையாட்டே கண்டுபிடிச்சிட்டோம். சத்தம் கேட்டவுடனே யார் கையிலேர்ந்து ஸ்பானர் விழப்போகுதுன்னு கண்டுபிடிக்கணும். நேத்து நான்தான் ஜெயிச்சேன். என் கையிலேர்ந்தே விழுந்தது!"

சேறு சலிக்கும் மூளைக்கு இது போதும் என்று அவன் நினைத்தான். ஆனால் அன்று படுக்கையில் புரண்டபோது, வீட்டின் சின்னச் சின்னச் சத்தங்கள் காதில் விழுந்தபடி இருந்தன. குளியலறைக் குழாயின் சொட்டு, ஃப்ரிட்ஜின் உறுமல், தங்கை அறைக் கதவின் முனகல். ஒவ்வொன்றையும் அவன் கவனித்தான். கவனிப்பதற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டான்.

மறுநாள் மழை. அலுவலக நடைபாதை ஈரக் குடைகளின் ரப்பர் வாசனையும் பழைய கம்பளத்தின் புழுங்கிய வாசனையுமாக இருந்தது. காபிக் கோப்பையை மேசைமேல் வைக்கக் கை நீட்டினான். பீங்கான் மரத்தில் படும் மெல்லிய 'டொக்' கேட்டது. கோப்பை இன்னும் கையில் இருந்தது. காபியின் மேற்பரப்பில் சின்ன வட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன.

மெதுவாகக் கீழே வைத்தான். அது பஞ்சில் வைத்தது போல ஓசையின்றி உட்கார்ந்தது.

'பக்கத்து மேசை' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பக்கத்து மேசையில் யாரும் இல்லை.

பிற்பகலில் தளத்திலிருந்து புதிய தரவு வந்தது. குமிழியின் தலைக்குச் சற்று மேலே துளையிடுவதை நிறுத்தி, துளைக்குள்ளேயே ஒரு ஒலிவாங்கியை இறக்கி, மேலே லாரியை உறுமவிட்டுப் பதிவு செய்திருந்தார்கள். பதிவு முடிந்ததும் மறுபடி துளையிடத் தொடங்கிவிட்டதாகவும், இருட்டுவதற்குள் குமிழியைத் தொட்டுவிடுவார்கள் என்றும் கூடவே செய்தி. அவன் அந்தத் தரவைத் திறந்தான். பழக்கத்தில் கை மேல்வெட்டுக்குப் போனது. போன கை நின்றது.

வெட்டாமல் பார்த்தான்.

லாரி உறுமிய கணத்துக்கு மேலே வெள்ளை என்பதே இல்லை. மேல்பகுதி முழுக்கக் கறுப்பு. அலை மேல் அலை, மயிர்க்கற்றையைச் சீப்பால் வாரியது போல நெருக்கமாக. பதிவு தொடங்குவதற்கு முன்பிருந்தே அது வந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

நிலத்தின் அதிர்வு அப்படியே காதுக்குக் கேட்காது. அத்தனை தாழ்வானது, அத்தனை மெதுவானது. பல மடங்கு வேகமாக ஓடவிட்டால்தான் ஒலியாகும். சல்லடை அப்படிக் கேட்கிறாள் என்று தெரிந்தபோது, 'பாட்டு நல்லா இருக்கா?' என்று கேட்டுக் கேலி செய்தவன் அவன். இப்போது ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, அவளைப் போலவே வேகத்தைக் கூட்டினான்.

முதலில் மழை போல ஒரு சீறல். அதற்கடியில் இரும்பு முறுக்கிக்கொள்ளும் சத்தம், நீளமாக, பொறுமையாக. அப்புறம் ஏதோ பெரிதாக ஒன்று சாய்ந்தது. காலடிகள். உலோகப் படிகளில் ஓடும் பூட்ஸ் கால்கள். மனிதக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, பிறகு ஒன்று மட்டும் தனியாக.

"மச்சான்!"

சிரிப்பு இல்லாத அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் யாருடையது என்று தெரிந்தது.

"மச்சான்…"

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். அறை முன்பு போலவே இருந்தது. குளிர். விளக்கின் ரீங்காரம். வேகம் கூட்டினால்தான் அது குரல் என்பது அப்போதுதான் உறைத்தது. வேகம் கூட்டாதபோது, ஆழத்தில், யாரும் கேட்க முடியாத மெதுவில், ஒரு முழு மலையின் அளவில், அது அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை இன்னும் கூப்பிடவில்லை.

தளத்துக்கு அழைத்தான். பொறுப்பாளர் எடுத்தார்.

"துளையிடறதை நிறுத்துங்க. உடனே. எல்லாரையும் வெளிய அனுப்புங்க."

"என்ன சார் திடீர்னு? காரணம் வேணும்ல?"

"புது ரெக்கார்டுல… லாரி சத்தத்துக்கு முன்னாடியே சிக்னல் வருது. முதல் சர்வேயிலேயே இருந்திருக்கு. எதிரொலி முந்தி வருது."

அந்த முனையில் யாரிடமோ சொல்லிச் சிரிக்கும் சத்தம். "கத்தறதுக்கு முன்னாடியே எதிரொலியா? எந்தக் காலேஜ் சார் நீங்க?"

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க அனுப்பின படம் என் முன்னாடியே இருக்கு சார். மேல ஒண்ணுமே இல்லையே. வெள்ளை வெளேர்னு இருக்கு. அப்போ இருந்துச்சுன்னா எங்க போச்சு?"

ஒரு வார்த்தை போதும். வெட்டிட்டேன். அதைச் சொன்னால் பொறுப்பாளர் சிரிப்பை நிறுத்தியிருப்பார். வேலையை ஒரு நாளாவது நிறுத்தியிருப்பார். நாளை காலை கேன்டீனில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சல்லடைக்குத் தெரிந்திருக்கும். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அதுதான் தாங்க முடியாதது. அந்த வார்த்தை நாக்கு வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"அது… ஃபீல்டு ஆளுங்க… கடிகாரம்…"

"அப்போ கடிகாரத்தைச் சரி பண்ணச் சொல்லுங்க சார். எங்களுக்கு வேலை இருக்கு."

மாப்பிள்ளையை அழைத்தான். பின்னணியில் பம்புகளின் இரைச்சல்.

"மாப்ள, உடனே கிளம்பி வாங்க."

"என்ன மச்சான், குரல் ஒரு மாதிரி இருக்கு? நான் நடுவுல போட்டுட்டு வர முடியாதே. என்னன்னு சொல்லுங்க, கேட்டுப் பார்க்கறேன்."

"தங்கச்சிக்கு… உடம்பு சரியில்ல."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது. "ஐயோ! இதோ வர்றேன் மச்சான். இதோ கிளம்பிட்டேன்."

அவன் நாற்காலியில் சரிந்தான். உண்மையைச் சொல்லாமலேயே காப்பாற்றிவிட்டோம் என்று தோன்றியது. அவனுக்குத் தன்மேல் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. சேற்றுக்காரனை நகர்த்த ஒரு பொய் போதும்.

*

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் முழுதும் போயிருக்கவில்லை. மழை விட்டிருந்தது. கூடத்தில் ஈர மண் வாசனையும், தரை துடைத்த மருந்தின் வாசனையும். தங்கை சமையலறைத் தொட்டியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மேசைமேல், ஜாடியில் சாய்ந்தபடி, அவளுடைய கைப்பேசி. திரை கறுப்பாக இருந்தது.

"அண்ணா, உனக்கு என்ன ஆச்சு?" திரும்பாமலேயே கேட்டாள். குரலில் சிரிப்பு. "எனக்கு உடம்பு சரியில்லைன்னு அவர்கிட்ட சொன்னியாமே? பாவம், பாதி வழியிலேர்ந்து அலறி அடிச்சிட்டுப் போன் பண்றார்."

அவன் வாசலிலேயே நின்றான்.

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? குத்துக்கல்லு மாதிரி நல்லாத்தான் இருக்கேன், அண்ணனுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு, நீங்க போய் வேலையைப் பாருங்கன்னு சொன்னேன். திரும்பிப் போயிட்டார்."

"எப்போ?"

"அது ஆச்சு கொஞ்ச நேரம். இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்."

அவன் தன் கைப்பேசியை எடுத்தான். மாப்பிள்ளையின் எண். எதுவும் ஒலிக்கவில்லை. மறுபடி. தளத்தின் எண். அதுவும் இல்லை. மறுபடி அழுத்தக் கட்டைவிரலைத் தூக்கினான்.

அப்போது கேட்டது.

தங்கையின் கைப்பேசி மணி. அவள் வைத்திருந்த அந்தப் புல்லாங்குழல் ஒலி. மேசையைப் பார்த்தான். திரை கறுப்பு. அசையாமல் ஜாடியில் சாய்ந்திருந்தது.

மணி அடித்தது தரைக்கு அடியில்.

இம்முறை வேகம் கூட்ட வேண்டியிருக்கவில்லை. அது அவ்வளவு அருகில் வந்திருந்தது. அவன் ஒரே வளைவில் மூடிய கோட்டுக்கு இந்தப் பக்கம். ஊருக்கு அடியில். வீட்டுக்கு அடியில். பளபளக்கும் வெள்ளைத் தரைக்கல்லுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல, மங்கலாக, ஆனாலும் தெளிவாக. நாற்காலி இழுபட்டது. ஆண் குரல் ஒன்று எதையோ கத்தியது. மணி நின்றது. பிறகு தங்கையின் குரல்.

"ஹலோ?"

தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தங்கை ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு அது கேட்கவில்லை.

"அண்ணா, ஏன் தரையையே பார்த்துட்டு நிக்கற? எதையாவது போட்டுட்டியா?"

கீழே அவள் மௌனமாக இருந்தாள். யாரோ பேசுவதைக் கேட்கும் மௌனம்.

பிறகு அலறல்.

கால் வழியாக ஏறியது. முழங்காலில், பல்லில், மண்டைக்குள். அவன் மண்டியிட்டான். காதைத் தரைக்கல்லில் வைத்தான். சில்லென்று இருந்தது. அலறல் நீண்டது, இழுத்தது, தேய்ந்தது.

அடுத்தது என்ன? அவன் காத்திருந்தான். அவளைத் தேற்றும் தன்னுடைய குரல் வர வேண்டும். அக்கம்பக்கத்தார் ஓடிவரும் கால்கள். கேட் திறக்கும் ஓசை. வண்டிகள். விடியற்காலைப் பறவைகள். எதிரொலி முந்தி வருகிறதென்றால் அவை எல்லாம் கீழே இருக்க வேண்டும்.

எதுவும் இல்லை.

மூச்சுகூட இல்லை. வெட்டி எறிந்தது போல, துடைத்து வைத்தது போல, வெள்ளையாக ஒன்றுமில்லாமல் இருந்தது.

காதுக்கடியில் தரைக்கல் மெல்ல, மிக மெல்ல, மேல்நோக்கி உப்பியது.

மேசைமேல் வெளிச்சம். தலை தூக்கினான். கைப்பேசியின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அது துடித்தது, ஜாடியில் தண்ணீர் நடுங்கியது. மணி ஒலிக்கவில்லை.

தங்கை அதைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது. ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி வந்து நாற்காலியை இழுத்தாள். சத்தம் இல்லை. "எடுக்காதே!" என்று அவன் கத்தினான். தன் தொண்டை அதிர்வதை உணர்ந்தான். அதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

அவள் கைப்பேசியைக் காதில் வைத்தாள். உதடுகள் ஹலோ என்று அசைந்தன. புன்னகை அப்படியே நின்றது, கொஞ்ச நேரம்.

பிறகு அவள் வாய் திறந்தது. திறந்துகொண்டே போனது.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.